மோரி வில்ஸை இன்னும் எத்தனை காலம் வெளியே நிறுத்துவீர்கள்? கூப்பர்ஸ்டவுன் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கூப்பர்ஸ்டவுனில் இருக்கும், சிறந்த ஆட்டக்காரர்களுக்குச் சுவரில் இடம் தந்து கௌரவிக்கும் அருங்காட்சியகமான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமின் ‘கிளாசிக் பேஸ்பால்’ குழுவில் அடுத்து உட்காரப்போகிற 16 பேருக்கும், அதற்கு முன்னால் எட்டுப் பெயர் கொண்ட பட்டியலைத் தயார் செய்து கொடுக்கும் வரலாற்றுக் குழுவினருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1980க்கு முந்தைய ஆட்டக்காரர்களைப் பற்றி முடிவெடுக்க 2027 டிசம்பரில் நீங்கள் மறுபடி கூடும்போது, அந்த எட்டுப் பெயரில் 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடிய மோரி வில்ஸ் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, உங்களில் 12 பேர் அவருக்கு ஓட்டுப் போடவும் வேண்டும். போன தடவை, 2024 டிசம்பரில், அவர் பெயர் பட்டியலுக்கே வரவில்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வில்ஸ் 2022 செப்டம்பர் 19 அன்று அரிசோனாவில் காலமானார். 90 வயது நிரம்ப இரண்டு வாரம்கூட இல்லை. அடுத்த வருஷமே பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக் நிர்வாகம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டம் மந்தமாகிவிட்டது, யாரும் ஓடுவதில்லை, எல்லோரும் (கிரிக்கெட் சிக்சர் போன்ற) ஹோம் ரன்னுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி விதிகளையே மாற்றினார்கள். ஓட்டக்காரர் கால் வைக்க வேண்டிய பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது, முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவிலான தூரம் நாலரை அங்குலம் குறைந்தது, பந்து வீசும் பிட்சர் ஓட்டக்காரரைப் பிடிக்க மேட்டிலிருந்து காலை எடுப்பது ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான், மூன்றாவது முறை எடுத்து ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ் இலவசம். 2022இல் 2,486ஆக இருந்த ஸ்டீல் (என்னவென்று கீழே சொல்கிறேன்) எண்ணிக்கை 2023இல் 3,503ஆக ஏறியது. அரங்கில் மக்கள் மறுபடி எழுந்து நின்றார்கள். விதியை மாற்றியது நீங்கள் இல்லைதான், ஆனால் அந்த மாற்றத்தைப் பாராட்டியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள்.

இத்தனை விதி மாற்றத்தால் கிடைத்த அதே பலனை 1962இல் எந்த விதியும் மாறாமல், பழைய சிறிய பேஸை வைத்துக்கொண்டு, பிட்சர் எத்தனை முறை வேண்டுமானாலும் முதல் பேஸுக்கு எறியலாம் என்ற நிலையில், இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நின்று பந்தைத் தடுக்கும் ஒரே ஒரு ஷார்ட்ஸ்டாப் தன் காலால் கொண்டுவந்தார். என் வாதம் மொத்தமும் இதுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இந்த மடலைப் படிக்கிற நம் ஆட்களில் கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர், பேட்டர் பந்தை அடிப்பதற்காகக் காத்திருக்காமல், பிட்சர் வீசத் தொடங்கும் நேரம் பார்த்து 90 அடி தள்ளியிருக்கும் இரண்டாவது பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிட்டால் அது ஒரு ஸ்டீல். பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் பந்தைப் பிடித்து எழுந்து எறிய, அங்கே காத்திருப்பவர் அதை வாங்கி இவரைத் தொடுவதற்குள் பேஸில் கால் பட்டுவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்றரை விநாடிதான். பௌலர் ஓடி வரும்போது நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸைவிட்டு நகர்கிறாரே, அந்தத் துணிச்சலை எடுத்து அதையே ஒரு முழுத் தொழிலாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்தத் தொழில் 1950களில் கிட்டத்தட்ட செத்துக் கிடந்தது. பேப் ரூத் காலத்திலிருந்தே ஹோம் ரன்தான் எல்லாம் என்றாகிவிட்டது, பின்னால் வருகிறவர் பந்தை வெளியே அடித்துவிடுவார் என்கிறபோது எதற்கு ஓடி அவுட்டாக வேண்டும் என்பது அணியை நடத்தும் மேனேஜர்களின் கணக்கு. மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1950இல் முதலிடம் பிடித்த டாம் டிமாஜியோ ஒரு சீசன் முழுக்க எடுத்த ஸ்டீல் 15. இன்னொரு பிரிவான நேஷனல் லீகில் 1959இல் முதலிடம் பிடித்தவர் சாட்சாத் வில்லி மேஸ், அவருடைய கணக்கு 27. அந்த 1959 ஜூனில்தான் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஒரு 26 வயது ஷார்ட்ஸ்டாப்பை கீழ்நிலை மைனர் லீகிலிருந்து கூப்பிட்டது.

அவர் அந்த இடத்துக்கு வந்த வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாஷிங்டனில் 13 பிள்ளைகள் இருந்த கறுப்பினக் குடும்பம். ஊர் அணியான செனட்டர்ஸின் ஜெரி பிரிடி ஒரு நாள் குடியிருப்புப் பக்கம் வந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது, வெறுங்காலோடு பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த இந்தச் சிறுவனைப் பார்த்து, வீட்டில் சொல்லி ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொள் என்றாராம். வில்ஸ் கடைசிவரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1951இலிருந்து எட்டு வருஷத்துக்கு மேல் மைனர் லீக். இந்த ஆளுக்கு அடிக்க வராது என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும். 1958இல் ஸ்போகேனில் மேனேஜராக இருந்த பாபி பிராகன்தான், வலது கைப் பேட்டராக இருந்தவரை இடப்பக்கமும் நின்று அடிக்கப் பழக்கினார். 1959 தொடக்கத்தில் டெட்ராய்ட் டைகர்ஸ் அவரைப் பரீட்சை பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. டாட்ஜர்ஸில் டான் ஸிம்மரின் கால்விரல் உடைந்ததால்தான் இவருக்கு அழைப்பே வந்தது. வந்த வருஷமே அணி உலகத் தொடரை, அதாவது இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரை, வென்றது.

1960இல் 50 ஸ்டீல். 1923க்கு அப்புறம் நேஷனல் லீகில் யாரும் 50ஐத் தொட்டதில்லை. அங்கே தொடங்கி 1965 வரை தொடர்ந்து ஆறு வருஷம் லீகில் முதலிடம். ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது இரண்டும் உண்டு, ஓடுவதற்கு மட்டும் அணியில் வைத்திருந்த ஆள் இல்லை அவர்.

சரி, 1962. இந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், அவசரப்பட முடியாது.

104 ஸ்டீல். 117 முறை ஓடிப் பிடிபட்டது 13 முறைதான். அன்றைக்கு மேஜர் லீகில் இருந்த மற்ற 19 அணிகளில் ஒரு அணிகூட, அணியில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்துகூட, அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. டை காப் 1915இல் வைத்த 96 என்ற சாதனை 47 வருஷம் நின்றது. அதை முறியடிப்பதற்கும் நிம்மதியாக விடவில்லை, சீசன் 162 ஆட்டமாக நீண்டுவிட்டதே என்று அன்றைய கமிஷனர் ஃபோர்டு ஃப்ரிக் ஆட்ட எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டார். காப் 96 எடுத்தது 156 ஆட்டத்தில். வில்ஸ் செயின்ட் லூயிஸில் தன் அணியின் 156ஆவது ஆட்டத்தில் 97ஐ எட்டி அந்தப் பேச்சுக்கும் இடமில்லாமல் செய்தார். பிளேஆஃப் மூன்று ஆட்டமும் சேர்த்து 165 ஆட்டம் ஆடினார், ஒரு சீசனில் அதைவிட அதிகமாக ஆடியவர் இன்றுவரை யாரும் இல்லை. தினமும் மண்ணில் சறுக்கிச் சறுக்கித் தொடை முழுக்க ரத்தம் கட்டி நீலம் பாரித்துக் கிடந்தது, அதே காலோடு மறுநாள் மறுபடி ஓடுவார். அந்த வருஷம்தான் புதிதாகத் திறந்த டாட்ஜர் ஸ்டேடியத்தில், அவர் முதல் பேஸுக்கு வந்ததுமே கூட்டம் மொத்தமும் எழுந்து “கோ! கோ! கோ!” என்று கத்த ஆரம்பித்துவிடும்.

எதிரணிகள் எவ்வளவு பயந்தன என்பதற்கு ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததே போதும். டாட்ஜர்ஸ் கேண்டில்ஸ்டிக் பார்க்குக்கு வருகிறது என்றதும், ஜெயன்ட்ஸ் மேனேஜர் ஆல்வின் டார்க்கின் யோசனைப்படி, மைதானப் பொறுப்பாளர் மாட்டி ஷ்வாப் முதல் பேஸை ஒட்டி வில்ஸ் காலூன்றிப் புறப்படுகிற இடத்தைத் தோண்டி, மணலையும் பீட் மாஸையும் போட்டுத் தண்ணீர்விட்டு, மேலாக மண்ணைத் தூவி வைத்தார். கால் வைத்தால் புதையும். டாட்ஜர்ஸ்காரர்கள் பயிற்சியின்போதே கண்டுபிடித்து அம்பயர்களிடம் காட்டினார்கள். அள்ளிவிட்டு வேறு மண் போடு என்று அம்பயர்கள் உத்தரவு போட, தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போனவர்கள் அதையே இன்னும் கொஞ்சம் மண்ணோடு கலந்து திரும்பக் கொண்டுவந்து கொட்டினார்கள். மூன்று ஆட்டத்தையும் ஜெயன்ட்ஸ் ஜெயித்தது. சீசன் முடிவில் ஜெயன்ட்ஸ் உலகத் தொடருக்குப் போனபோது, ஆட்டக்காரர்கள் கூடி, தங்களுக்குக் கிடைக்கிற தொகையில் ஒரு முழுப் பங்கை ஷ்வாபுக்கு எழுதிவைத்தார்கள். ஒரு அணி தன் சொந்த மைதானத்தையே கெடுத்துக்கொண்டு தடுக்கப் பார்த்த இன்னொரு ஓட்டக்காரரை நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம். உங்கள் அருங்காட்சியகம் பேணிவைக்க வேண்டிய கதை இதுவென்றால், அந்தக் கதையின் நாயகனுக்கும் சுவரில் ஒரு இடம் வேண்டாமா?

அதே வருஷம் ஜூலையில் இரண்டு லீகின் நட்சத்திரங்களும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம் அவர் பிறந்து வளர்ந்த வாஷிங்டனிலேயே நடந்தது. ஜனாதிபதி கென்னடி வந்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் ஸ்டான் மியூசியலுக்குப் பதிலாக ஓட வந்த வில்ஸ், உடனே இரண்டாவது பேஸை ஸ்டீல் செய்து ஆட்டத்தின் முதல் ரன்னை எடுத்தார். எட்டாவதில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு ஹிட் அடித்து முதல் பேஸில் நின்றார், அடுத்தவர் லெஃப்ட் ஃபீல்டுக்குக் குட்டையாக ஒரு ஹிட் அடித்தார். வில்ஸ் இரண்டாவது பேஸைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் நின்றார், லெஃப்ட் ஃபீல்டில் இருந்த ராக்கி கொலாவிட்டோ அவரை மடக்கிவிடலாமென்று பின்னால் இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், பந்து கையைவிட்டுப் புறப்பட்ட அந்தக் கணத்தில் வில்ஸ் மூன்றாவதுக்கு ஓடிவிட்டார். அப்புறம் கோட்டுக்கு வெளியே பிடிபட்ட ஒரு ஃபௌல் கேட்சில் ஹோமுக்கும் வந்துவிட்டார். அந்த ஓட்டம் ஸ்டீல் கணக்கில் வராது. எந்த எண்ணிலும் தனியாகத் தெரியாது. பார்த்தவர்கள் மட்டும் மறக்க மாட்டார்கள். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கென்று சிறந்த ஆட்டக்காரர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அன்றுதான், அதை வாங்கியவர் வில்ஸ். சீசன் முடிவில் நேஷனல் லீகின் எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருதும் அவருக்கே, ஏழு புள்ளி வித்தியாசத்தில் வில்லி மேஸை முந்தி. மேஸ் அந்த வருஷம் 49 ஹோம் ரன் அடித்திருந்தார், அந்த விருது மேஸுக்குப் போயிருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்த வருஷம் பேஸ்பாலை மாற்றியது யார் என்றால் அது வில்ஸ்தான்.

இனி உங்கள் பக்கத்து வாதத்துக்கு வருகிறேன், அதைத் தொடாமல் போனால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. வில்ஸின் 14 வருஷக் கணக்கு: .281 சராசரி, 2,134 ஹிட், 586 ஸ்டீல், வெறும் 20 ஹோம் ரன். பேஸை எட்டிய விகிதம் .330. மொத்தத்தில் 208 முறை பிடிபட்டிருக்கிறார், ஒரு முறை பிடிபட்டால் ஆகும் நஷ்டம் ஒரு ஸ்டீலில் கிடைக்கும் லாபத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று இன்றைய கணக்கர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கணக்குத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எண்ணை மட்டும் வைத்தால் வில்ஸ் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிறார், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எண் மட்டும்தான் என்று உங்கள் விதியே சொல்லவில்லையே. ஆட்டத் திறனையும், அணிக்குச் செய்த பங்களிப்பையும் பார்க்கச் சொல்கிறது. 1965 டாட்ஜர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்த சீசனில் 78 ஹோம் ரன், மேஜர் லீகிலேயே கடைசி. அந்த அணி உலகத் தொடரை ஜெயித்தது. எப்படி? பிட்சர்கள் கூஃபாக்ஸும் டிரைஸ்டேலும் எதிரணியை ஒன்றிரண்டு ரன்னில் நிறுத்துவார்கள், இந்தப் பக்கம் வில்ஸ் ஒரு பன்ட் (மட்டையால் பந்தை மெல்லத் தட்டுவது) வைத்து முதல் பேஸுக்கு வருவார், ஜிம் கில்லியம் அவர் ஓடுவதற்காக நல்ல பந்தைக்கூட அடிக்காமல் விட்டுக்கொடுப்பார், வில்ஸ் இரண்டாவதுக்குப் போவார், கில்லியம் தரையோடு அடித்து அவரை மூன்றாவதுக்கு நகர்த்துவார், அடுத்தவர் உயரமாக ஒன்று அடித்தால் ரன் வந்துவிடும். அந்த வருஷம் வில்ஸின் ஸ்டீல் 94. கூஃபாக்ஸும் டிரைஸ்டேலும் உங்கள் சுவரில் இருக்கிறார்கள், இருக்க வேண்டியவர்கள்தான். அவர்களுக்குத் தேவையான அந்த ஒரு ரன்னை ஓடி எடுத்துக் கொடுத்தவர் வெளியே நிற்கிறார்.

லூயிஸ் அபரிசியோவும் அதே காலத்து ஷார்ட்ஸ்டாப்தான். அமெரிக்கன் லீகில் தொடர்ந்து ஒன்பது வருஷம் ஸ்டீலில் முதலிடம், ஒன்பது கோல்டு கிளவ், அருமையான ஆட்டக்காரர், அவரை 1984இல் சேர்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருடைய சராசரி .262, ஸ்டீல் 506, ஒரு சீசனில் அதிகபட்சம் 57. ஃபீல்டிங்கில் அவர் மேல், 2,677 ஹிட்டும் அவருக்கு உண்டு. அவரை உள்ளே விட்ட கதவு வில்ஸுக்கு மட்டும் இத்தனை இறுக்கமாக இருப்பது ஏன்?

இன்னொன்றையும் பாருங்கள், இதை ஏன் யாரும் உரக்கப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவேயில்லை. 1901இலிருந்து ஒரு சீசனில் 100 ஸ்டீல் எடுத்தவர்கள் நாலே பேர்: வில்ஸ், லூ பிராக், ரிக்கி ஹெண்டர்சன், வின்ஸ் கோல்மன். மற்ற மூவரும் லெஃப்ட் ஃபீல்டில் நின்றவர்கள். வில்ஸ் மட்டும்தான் பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர், அதிலும் ஷார்ட்ஸ்டாப். மற்ற அணியின் ஓட்டக்காரர்கள் ஸ்பைக் ஷூவோடு தன்மேல் சறுக்கி வருவதைத் தாங்கிக்கொண்டு, குனிந்து குனிந்து தரைப்பந்து பொறுக்கிவிட்டு, அப்புறம் தன் முறை வரும்போது இவர் ஓடினார். அந்த நாலு பேரில் முதல் ஆளும் இவர்தான். 1974இல் பிராக் 118 எடுத்தார், 1982இல் ஹெண்டர்சன் 130 எடுத்தார், இருவரும் உங்களிடம் இருக்கிறார்கள். 100 என்பது மனித காலால் முடிகிற ஒன்று என்று அவர்களுக்குக் காட்டியவர்தான் உங்களிடம் இல்லை. 2023இல் புதிய விதிகளோடு, பெரிய பேஸோடு, ரொனால்ட் அகுன்யா எடுத்தது 73. அதைப் பெரிய சாதனையாகக் கொண்டாடினோம், சரிதான், அதுவும் 41 ஹோம் ரன்னோடு சேர்த்து. அதைவிட 31 அதிகம் வில்ஸ் எடுத்தது.

பேஸ்பால் எழுத்தாளர்களின் ஓட்டில் 1981இல் அவருக்கு 40.6 சதவீதம் வந்தது, அதுதான் உச்சம், அடுத்த வருஷமே ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. நடுவில் என்ன நடந்தது? 1980இலும் 1981இலும் அவர் சியாட்டில் மரினர்ஸின் மேனேஜராக இருந்தார், அது மோசமாகப் போனது. பேட்டர் நிற்கும் கட்டத்தை ஒரு அடி நீட்டச் சொன்னதற்காக இரண்டு ஆட்டம் தடையும் வாங்கினார், அது தப்புதான். அப்புறம் கொக்கெய்ன் அடிமைத்தனம், சில வருஷம் ஆளே சிதைந்து போனார். முன்னாள் டாட்ஜர்ஸ் பிட்சர் டான் நியூகோம் கைபிடித்து உதவ, 1989இல் அதிலிருந்து மீண்டு எழுந்தார். மேனேஜராகத் தோற்றது ஆட்டக்காரராக ஆடியதைக் குறைக்காது. நோயிலிருந்து மீண்டதை ஒருவருடைய குணத்துக்குக் குறையாக எண்ணுகிறவர்கள் உங்கள் குழுவில் இருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மீண்டு வந்து அவர் செய்தது பயிற்சி கொடுத்தது. டாட்ஜர்ஸின் வசந்தகால முகாமில் அவருக்கென்றே ஒரு மூலை இருந்தது, ‘மோரிஸ் பிட்’ என்பார்கள், அங்கே இளைஞர்களுக்குப் பன்ட் வைக்கவும் பேஸ் ஓடவும் கற்றுக்கொடுத்தார். அங்கே கற்றவர்களில் ஒருவர் டேவ் ராபர்ட்ஸ். 2004 அக்டோபரில் யாங்கீஸுக்கு எதிரான நாலாவது ஆட்டம், பாஸ்டன் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் குறைவு, முதல் பேஸில் பாஸ்டனின் ராபர்ட்ஸ். எதிரே யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா. அவர் ஓடப்போகிறார் என்று அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மோரி வில்ஸ் இதை முன்னாடியே அவரிடம் சொல்லிவைத்திருந்தார்: ஒரு நாள் வரும், நீ ஓடப்போகிறாய் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அப்போதும் நீ பயப்படாமல் ஓட வேண்டும் என்று. ராபர்ட்ஸ் ஓடினார், சேர்ந்தார், ரன் எடுத்தார், பாஸ்டன் அந்த ஆட்டத்தையும் தொடரையும் வென்று 86 வருஷத்துக்குப் பிறகு உலகத் தொடரையும் கொண்டுபோனது. இன்று டாட்ஜர்ஸின் மேனேஜராக இருக்கும் ராபர்ட்ஸ் போட்டிருப்பது 30ஆம் எண் சட்டை, தன் குருவின் எண்.

2014இல் உங்களுக்கு முந்தைய குழு வில்ஸுக்கு 9 ஓட்டுப் போட்டது, இன்னும் மூன்று வந்திருந்தால் உயிரோடு இருக்கும்போதே அவரை மேடையில் பார்த்திருக்கலாம். 2021இல் மூன்றோ அதற்குக் கீழோதான். ஒரே மனிதர், ஒரே கணக்கு, அவர் நடுவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, ஏழு வருஷத்தில் ஓட்டு மட்டும் அப்படி விழுந்தது. யார் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் வேறு யார் பெயர் இருந்தது என்பதைப் பொறுத்து மாறுகிற முடிவு அது.

வரலாற்றுக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொருவரும் மூன்று பெயருக்குத்தான் ஓட்டுப் போடலாம், ஐந்து ஓட்டுக்கூட வாங்காதவரை அடுத்த சுற்றிலும் பரிசீலிக்க முடியாது என்று விதி வந்துவிட்டது. அதனால் பட்டியலில் பெயரை எழுதுவதோடு விட்டுவிடாதீர்கள். 16 பேருக்கும் நீங்கள் கொடுக்கும் குறிப்பில் 1950களின் லீக் முதலிட எண்களையும் 1962இன் அணிவாரிக் கணக்கையும் சேர்த்து வையுங்கள். 16 பேரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அறையில் உங்களோடு உட்காரும் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர்களில் 1970களிலும் 80களிலும் ஓடியவர்கள் யாராவது இருந்தால், ஓட்டுச் சீட்டை எடுப்பதற்கு முன்னால், அவர்களுக்கு ஓட யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டாட்ஜர்ஸ் ரசிகன்